பார்ப்பதற்கு ஒரு வீடியோ, செய்வதற்கு ஒரு வீடியோ

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது கல்யாண நாள், பிறந்த நாள் என்றால், இரண்டு வாரம் முன்பே என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நிற்பாள். "அக்கா, எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸ் செய்யணும். எந்தச் சேனல் பார்க்கலாம்?" மூடியைத் திறந்ததும் நாலு பக்கமும் விரிந்து, உள்ளே ஒட்டிய போட்டோவும் வாழ்த்தும் காட்டும் பரிசுப் பெட்டிதான் அது. போனை வாங்கிப் பார்த்தால் அந்த வாரத்தில் மட்டும் முப்பது நாற்பது வீடியோ ஓடியிருக்கும். வீட்டில் ஒரு தாள்கூட வெட்டுப்பட்டிருக்காது.

நான் சேனல் பெயர் எதுவும் சொல்வதில்லை. ஸ்க்ராப்புக் (போட்டோவும் தாள் துண்டுகளும் ஒட்டி அலங்கரிக்கும் ஆல்பம்), கார்டு, குவில்லிங் (தாள் பட்டைகளைச் சுருட்டி உருவம் செய்வது), ஓரிகாமி (தாளை மடித்தே உருவம் செய்வது) என்று எதற்குப் புதிதாக வந்தாலும், எந்த வீடியோவை வைத்துக்கொண்டு கை வேலை செய்வது, எதைச் சாப்பிட்டுக்கொண்டே சும்மா பார்ப்பது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். சேனல் தானாக அமையும். வாசலில் நின்று அவசரமாகச் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒரு நிமிடச் சோதனை

வீடியோவைத் தொடக்கத்திலிருந்து பார்க்காதீர்கள். கீழே ஓடும் சிவப்புக் கோட்டில் விரலை வைத்து நடுவுக்கு இழுங்கள். அப்புறம் முக்கால் பங்குக்கு. இரண்டு இடத்திலும் நிறுத்திப் பாருங்கள். இரண்டு கைகளும் மேலிருந்து முழுசாகத் தெரிகின்றனவா? அளவை வாயால் சொல்கிறார்களா, அல்லது திரையில் எழுதிக் காட்டுகிறார்களா? தாளின் மேல் எங்காவது ஸ்கேல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது கைக்கான வீடியோ. சேமித்து வையுங்கள்.

நீளமும் காட்டிக்கொடுக்கும். இருபது பக்க மினி ஆல்பம் எட்டு நிமிடத்தில் முடிகிறதென்றால் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். 'ப்ராசஸ்' என்று தலைப்பில் வருபவை பெரும்பாலும் இந்த ரகம். 'ஹால்' என்றால் வாங்கிவந்த சாமான்களைப் பிரித்துக் காட்டுவது. 'ஃப்ளிப் த்ரூ' என்றால் முடித்த ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது. நிற்க வைத்த போனில் பார்க்கிற குட்டி வீடியோக்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதில் தாள் மடிவதற்குள் பூ மலர்ந்துவிடும்.

இவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. ஃப்ளிப் த்ரூ எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடித்த பக்கம் வந்ததும் நிறுத்தி, போட்டோ எந்த மூலையில் இருக்கிறது, தலைப்பு எங்கே, எவ்வளவு இடம் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன். காலியிடம் விடும் துணிச்சலை அந்த வீடியோக்கள்தான் எனக்குக் கொடுத்தன. ஆனால் கத்தரிக்கோலோடு உட்காரும் நேரத்தில் அவற்றைப் போட்டால் அன்றைய பொழுது போச்சு.

தேடும்போது பொருளின் பெயரோடு 'ரியல் டைம்', 'பிகினர்', 'நோ டை கட்ஸ்' போன்ற சொற்களில் ஒன்றை ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டுங்கள். கடைசிச் சொல் முக்கியம். டை கட் மெஷின், அதாவது தாளை அச்சு வைத்து வடிவம் வடிவமாக வெட்டும் கருவி, இல்லாதவர்களுக்கென்று செய்த வீடியோக்கள் அப்போதுதான் மேலே வரும்.

இன்ச் என்கிற வில்லங்கம்

ஸ்க்ராப்புக் வீடியோக்களில் பாதிக்கு மேல் ஏன் இன்ச்சிலேயே பேசுகின்றன என்று ஒரு பெண் கேட்டாள். இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்த இடம் அமெரிக்கா. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873-லேயே பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஸ்க்ராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். இன்றைய வடிவத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் யூட்டா மாநிலத்துக்காரரான மேரிலென் கிறிஸ்டென்சன். தன் குடும்ப ஆல்பங்களை 1980-ல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஒரு மாநாட்டில் காட்சிக்கு வைத்தார்; அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் ஆசை பற்றிக்கொண்டது. அங்கே ஆல்பம் பக்கம் என்றால் 12 இன்ச் சதுரம். நம் ஊர்க் கடையிலோ ஏ4 தாள், சார்ட், இவைதான்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸ் செய்தபோது 12 இன்ச் என்பதைச் சுலபத்துக்காக 30 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது 30.48. பெட்டியின் அடி 4 இன்ச்சுக்குப் பதில் 10 சென்டிமீட்டர் வந்தது. அதுவரை சரி. மூடிக்கு மட்டும் வீடியோவில் சொன்ன நாலே அரைக்கால் இன்ச்சை ஒழுங்குப்பிள்ளையாகக் கணக்குப் போட்டு 10.5 என்று வெட்டினேன். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் அரை சென்டிமீட்டர் இடைவெளி. புதுச்சேரி போகிற பஸ்ஸில், ரெட்டிச்சாவடி தாண்டும் முன்பே, பாக்ஸ் என் மடியில் வெடித்துவிட்டது.

ஆகவே, பாதி இன்ச் பாதி சென்டிமீட்டர் என்று கலக்காதீர்கள். வீடியோவிலிருந்து அளவை எடுக்காமல் விகிதத்தை எடுங்கள். எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸ் என்பது என்ன? ஒரு சதுரத்தை இரு பக்கமும் மூன்று சம பங்காகக் கோடு போட்டு, நான்கு மூலைச் சதுரங்களை வெட்டி எடுத்தால் வரும் கூட்டல் குறி. அவ்வளவுதான். நம் அளவில் 30 சென்டிமீட்டர் சதுரம், ஒவ்வொரு பங்கும் 10. உள்ளடுக்கு 28.5 (பங்குக்கு 9.5), அதற்குள் இன்னொன்று 27 (பங்குக்கு 9). மூடிக்கு 15.3 சதுரம், நான்கு பக்கமும் இரண்டரை உள்ளே தள்ளிக் கோடு போட்டால் நடுவில் 10.3 நிற்கும். பெட்டியைவிட 3 மில்லிமீட்டர் அதிகம். அது போதும். தாள் ரொம்பத் தடிமன் என்றால் இன்னொரு மில்லிமீட்டர் கொடுங்கள்.

சாதாரண சார்ட் ஏறக்குறைய 56க்கு 71 சென்டிமீட்டர். அதில் ஒரு பெட்டி, ஓர் உள்ளடுக்கு, ஒரு மூடி மூன்றும் வந்துவிடும். ஆனால் சார்ட் மெல்லிசு, சுவர் சரியும். அதை ஒத்திகைக்கு வைத்துக்கொண்டு, அசலைத் தடித்த தாளில் செய்யுங்கள். அதற்கும் முன்னால் பழைய தினசரித்தாளில் ஒரு தடவை மடித்துப் பார்ப்பவர்கள் என் மரியாதைக்குரியவர்கள்.

'எண்பது பவுண்டு' என்றால் எந்தத் தாள்?

கார்டு செய்யும் தடித்த தாளுக்கு ஆங்கில வீடியோக்களில் 'கார்ட்ஸ்டாக்' என்று பெயர். நம் ஊர் ஸ்டேஷனரி கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சில சமயம் ஏடிஎம் கார்டு போடும் உறையை எடுத்து நீட்டுவார்கள். ஜிஎஸ்எம் சொல்லிக் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடைதான் அது. ஜெராக்ஸ் தாள் 70, 80. கார்டு செய்ய 200-க்கு மேல் வேண்டும். அமெரிக்க வீடியோவில் தாளின் எடையைப் பவுண்டில் சொல்வார்கள். 65 பவுண்டு கார்ட்ஸ்டாக் என்றால் சுமார் 176 ஜிஎஸ்எம், 80 பவுண்டு என்றால் சுமார் 216. 110 பவுண்டில் மட்டும் உஷார்: 'கவர்' என்று சேர்த்துச் சொன்னால் 300-க்குப் பக்கம், 'இண்டெக்ஸ்' என்று சொன்னால் 200-க்குப் பக்கம். ஒரே எண், இரண்டு தடிமன்.

காசு கொடுக்காமல் கிடைக்கும் தடித்த தாள் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை. ஆவணி, தை மாதங்களில் வந்து குவிவதைக் காபி டம்ளர் வைக்கப் பயன்படுத்தாமல் எடுத்து வையுங்கள். பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். மஞ்சள் தடவிய மூலைகளை வெட்டிவிடுங்கள். வருஷம் போனால் அந்தக் கறை பக்கத்துத் தாளிலும் இறங்கும். பளபளப்புப் பூச்சு உள்ள பத்திரிகையில் வெள்ளைப் பசை ஒட்டாது, இரட்டைப் பக்க டேப்தான் ஒட்டும்.

நல்ல தாளே வேண்டும் என்று ஆசை வந்தால், புதுச்சேரி எஸ்.வி. படேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் இருக்கிறது. 1959-லிருந்து நடக்கிறது. பருத்திக் கழிவிலிருந்து செய்யும் தாள். மரக்கூழ் தினசரித்தாளில் இருக்கும் லிக்னின் பருத்தியில் இல்லாததால் அவ்வளவு சீக்கிரம் பழுப்பதில்லை. பூ இதழ் பதித்தது, தண்ணீரில் வண்ணம் மிதக்கவிட்டு எடுத்த மார்பிள் டிசைன் என்று வகைகள் உண்டு. ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். எந்திரத் தாளுக்கு இழைத்திசை உண்டு. ஒரு பக்கமாக மடித்தால் சுலபமாக மடியும், குறுக்காக மடித்தால் விளிம்பு வெடிக்கும். தாளை லேசாக இரு பக்கமும் வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இளகிக்கொடுக்கிறது என்று கைக்கே தெரியும். கைக்காகிதத்தில் இந்தத் திசை பெரும்பாலும் கிடையாது. அதனால் வீடியோவில் கூர்மையாக விழும் மடிப்பு கைக்காகிதத்தில் கொஞ்சம் உருண்டுதான் விழும். உங்கள் கை மேல் சந்தேகப்படாதீர்கள்.

லேஸ், மணி, பழைய பட்டன் போன்ற உதிரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியில் கூடும் சந்தை இருக்கிறது. பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நான் எழுதாமல் போய்விட்டு, ஒரு கிலோ பட்டனோடு திரும்பியிருக்கிறேன்.

மூன்று தடவை பார்ப்பது

கைக்கான வீடியோ கிடைத்துவிட்டது. உடனே தாளை எடுக்காதீர்கள். முதல் தடவை கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றரை வேகத்தில் கடைசிவரை பாருங்கள். பாதி வழியில் 'இப்போது டை கட் மெஷினில்' என்று ஆரம்பித்தால் அப்போதே கழற்றிவிடலாம். இரண்டாம் தடவை பேப்பர், பென்சில். அளவுகளை மட்டும் எழுதுங்கள், முடிந்தால் ஒரு சின்னப் படம். மூன்றாம் தடவைதான் தாள். அப்போது வேகத்தை 0.75-க்குக் குறைத்து, ஒவ்வொரு மடிப்புக்கும் நிறுத்தி நிறுத்தி.

எழுதிவைத்த பிறகு மூன்றாம் தடவைக்கு வீடியோவே தேவைப்படாமல் போவதும் உண்டு. அதைவிடச் சந்தோஷம் இல்லை.

கம்ப்யூட்டரில் யூடியூப் பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி. வீடியோவை நிறுத்திவிட்டுக் காற்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் பின்னே போகும், முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னே. ஓரிகாமியில் "இந்த மடிப்பு உள்ளேயா வெளியேயா" என்று குழம்பும் இடத்தில் இது தெய்வம். போனில் திரையின் ஓரத்தை இரண்டு முறை தட்டினால் பத்து விநாடி தாவும். பசைக் கையென்றால் விரல் மடக்கின் பின்பக்கத்தால் தட்டுங்கள். போன் திரை தானாக அணையும் நேரத்தைக் கூட்டிவிடுங்கள். நிறுத்திவைத்துப் பசை தடவி முடிப்பதற்குள் திரை இருண்டுபோவது மாதிரி எரிச்சல் வேறில்லை.

போனை நிமிர்த்தி வைக்க ஸ்டாண்டு வாங்க வேண்டாம். அரிசி டப்பா மேல் சாய்த்துப் பாருங்கள், கண் உயரத்துக்கு வரும். மடிப்பு வேலைக்கு 480 தரம் போதும், டேட்டா மிச்சம். குவில்லிங்குக்கு மட்டும் 720 வையுங்கள். 3 மில்லிமீட்டர் பட்டை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று அதற்குக் கீழே தெரியாது.

பேசுகிறவரா, பேசாதவரா

இது முழுக்க அவரவர் விருப்பம். என் விருப்பத்தைச் சொல்கிறேன், அதையே பிடித்துக்கொள்ள வேண்டாம்.

கற்றுக்கொள்ளும்போது எனக்குப் பேசுகிறவர் வேண்டும். ஏன் இங்கே ஒரு மில்லிமீட்டர் விட்டேன் என்று சொல்கிற ஆள். தமிழில் பேசுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் கடையில் கிடைக்கும் சாமானை நம் கடைப் பெயரிலேயே சொல்வார்கள், அது பெரிய உபகாரம். குறை என்னவென்றால் சிலர் விஷயத்துக்கு வருவதற்குள் நாலு நிமிடம் ஓடிவிடும். இழுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். தவறு செய்தால் அந்த இடத்தை வெட்டி எறியாமல், "ஐயோ, கோணலாப் போச்சு, இப்படிச் சரி பண்றேன்" என்று காட்டுகிறவர் கிடைத்தால் விடாதீர்கள். அந்த முப்பது விநாடிதான் பாடம்.

பேச்சே இல்லாமல் கத்தரிச் சத்தமும் தாள் சரசரப்பும் மட்டும் கேட்கும் வீடியோக்களை ராத்திரி தூக்கத்துக்கு வைத்திருக்கிறேன். என் தங்கை நேர்மாறு. பேச்சு இருந்தால் அவளுக்குக் கை ஓடாது.

ஓரிகாமிக்கு மொழி தேவையில்லை. ஜப்பானிய வீடியோவையே தைரியமாகப் பாருங்கள். அகிரா யோஷிசாவா 1950களில் வகுத்த குறிகள்தான் உலகம் முழுக்கப் புழங்குகின்றன: விட்டுவிட்டு வரும் கோடு என்றால் உள்மடிப்பு, கோடும் புள்ளியுமாக வந்தால் வெளிமடிப்பு. அதில் பழகிவிட்டால் படம் போட்ட புத்தகமும் புரியும்.

ஆங்கிலம் பேசும் வீடியோவுக்குத் தானியங்கி வசனம் போட்டுக்கொள்ளலாம். தமிழாக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். 'ஸ்கோர்' என்றால் மடிப்புக்கு முன் அழுத்திக் கோடு கிழிப்பது. எனக்கு ஒருமுறை அது 'மதிப்பெண்' என்று வந்தது. 'சிக்னேச்சர்' என்றால் ஒன்றுக்குள் ஒன்று மடித்துத் தைத்த பக்கக் கட்டு, கையெழுத்து இல்லை. 'எபிமெரா' என்பது டிக்கெட், லேபிள், பழைய ரசீது மாதிரியான அச்சடித்த துண்டுகள். கடலூர் போர்ட் ரயில் டிக்கெட் வைத்திருந்தால் அதுவும் எபிமெராதான்.

கருவி ஆசை

நிறைய வீடியோக்கள் ஏதாவது ஒரு கருவியை விற்பதற்காகவே எடுக்கப்படுகின்றன. கட்டண விளம்பரம் என்று தொடக்கத்தில் சின்ன எழுத்து வந்தால் கவனியுங்கள். என் விதி எளிது: ஒரு கருவி நான் செய்து பார்த்த மூன்று வேலைகளில் தேவைப்பட்டிருந்தால் மட்டும் வாங்குவேன்.

அதுவரை ஸ்கோர் போட மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. வெட்டுப் பலகைக்குத் தினசரி காலண்டரின் பின்னட்டை. வட்டத்துக்கு வளையல், டம்ளர், சில்வர் மூடி. குவில்லிங் ஊசிக்கு ஈர்க்குச்சியின் நுனியை பிளேடால் நடுவில் கீறிக்கொள்ளலாம். இரும்பு ஸ்கேலும் நல்ல கட்டரும் மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலில் கட்டர் ஏறிவிடும், அப்புறம் விரல்.

வீடியோ சொல்லாத ஒன்று: நம் ஊர் காற்று

"இரண்டு நிமிடம் காயவிடுங்கள்" என்று சொல்கிறவர் ஏதோ வறண்ட ஊரில் இருக்கிறார். நாம் கடலோரத்தில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தாள் காற்றிலிருந்தே ஈரம் குடித்து நெளியும். ஃபெவிகால் என்று கேட்டு வாங்கும் வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு. மழை நாளில் பெரிய தாள் முழுக்க அதைத் தடவினால் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும். ஓரங்களில் மட்டும் மெல்லிசாகத் தடவி, மேலே கனமான புத்தகம் வைத்து, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். அல்லது டேப். தாள்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு, புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தையும் உள்ளே போட்டு வையுங்கள்.

குவில்லிங் செய்கிறவர்கள் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். நூறு பட்டைகளை நிறம் நிறமாகப் பிரித்து வைத்த பிறகு வீட்டில் ஒருவர் வந்து, வியர்க்கிறதே என்று சுவிட்சைப் போடுவார். அக்னி நட்சத்திரத்தில் இந்த வேலைக்கு விடியற்காலை ஐந்து மணிதான் தோது.

எதிலிருந்து ஆரம்பிப்பது

ஒரு ஓரிகாமிப் பெட்டி, பசையே இல்லாமல். அடுத்து ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்த ஒரு வாழ்த்து அட்டை. அது நேராக வந்தால் எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸ். ஆல்பம் கடைசியில்தான்.

ஆல்பத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது, எங்கள் வீட்டு ஓடு பறந்து, பீரோ மேலிருந்த அம்மாவின் கல்யாண ஆல்பம் நனைந்தது. பசைத்தாள் பக்கத்தில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடிய அந்தக் கால ஆல்பம். போட்டோக்கள் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, உரித்தால் முகம் உரிந்து வந்தது. அதனால் வீடியோவில் என்ன காட்டினாலும், அசல் போட்டோவை வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். ஸ்டுடியோவில் கொடுத்து 4க்கு 6 நகல் எடுத்து, நகலை வெட்டுங்கள். அசலை அமிலமில்லாத தாள் உறையில் போட்டு, தரையிலிருந்தும் கூரையிலிருந்தும் தள்ளி ஒரு டப்பாவில் வையுங்கள். உறையில் போடும் முன் பின்பக்கம் ஓரமாக, மென்மையான பென்சிலால், அழுத்தாமல், படத்தில் யார் யார் என்று இடமிருந்து வலமாக எழுதிவிடுங்கள். அம்மாவின் படத்தில் மூன்றாவதாக நிற்கும் அத்தை யார் என்று இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.